டம்ளரைச் சுற்றிய தாள்

மார்ச் 4

கணக்கம்மாவுக்கு,

வந்து சேர்ந்து சில நாளாகிறது. படுக்கை ஜன்னல் ஓரம். போனைக் கவரில் போட்டு ஒட்டி, என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு அலமாரியில் பூட்டிவிட்டார்கள். ஞாயிறு மட்டும் தருவார்களாம். தந்தாலும் நீ எடுக்கப் போவதில்லை. அதனால்தான் கடிதம்.

இந்த மருத்துவம் நாம் பயந்த மாதிரி இல்லை. தலையைத் திறப்பதில்லை, ஊசி இல்லை, மயக்கம் கொடுப்பதில்லை. முடி வெட்டுகிற கடை நாற்காலி மாதிரி ஒன்றில் உட்காரவைத்து, காதை அடைத்துவிடுகிறார்கள். நெற்றிக்கு இடப்பக்கம் கொஞ்சம் மேலே ஒரு காயிலை வைத்து அழுத்துகிறார்கள். எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்த மாதிரி இரண்டு வளையம், உள்ளே செம்புக் கம்பி. அதில் விட்டு விட்டு மின்சாரம் பாயும்போது காந்தம் பிறந்து, மண்டை ஓட்டைத் தாண்டி மூளையைத் தட்டுகிறதாம். மரங்கொத்தி நம் தலையை மரம் என்று நினைத்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. எரிந்துபோன மோட்டாருக்கெல்லாம் நான் இத்தனை வருஷம் காயில் சுற்றினேன். எரிந்துபோன எனக்கு யாரோ ஒன்றைச் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

மெஷினை இயக்குகிற அம்மாவுக்கு வார்டில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் டக்டக் அக்கா. முதல் நாள் காயிலை அங்கேயும் இங்கேயும் நகர்த்தி, என் கட்டைவிரல் தானாகத் துள்ளுகிற இடத்தைக் கண்டுபிடித்தார். "இங்க தட்டுனா விரல் ஆடுது பாருங்க. இதை வெச்சு அளவு எடுத்துட்டு, ஆசை இருக்கற பக்கம் நகந்துருவோம்" என்றார். என் விரல் என்னைக் கேட்காமல் ஆடியது. எனக்கு இது புதிதில்லை.

டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். "இது மந்திரம் இல்ல. சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல."

உனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மெஷின் போடுவதற்கு முன்னால் குடிக்கிற ஆசையைக் கிளப்பிவிட வேண்டுமாம். "ஆசை முழிச்சிருக்கும்போது தட்டணும்ங்க. தூங்குறப்ப தட்டி என்ன பிரயோஜனம்?" என்கிறார் டக்டக் அக்கா. அதற்கான சாமானை வீட்டிலிருந்து வரவழைக்கச் சொன்னார்கள். பட்டறையில் பெஞ்சுக்கு அடியில், கம்பிச் சுருளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கும். அதை அனுப்பு. இருக்கும் இடம் உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

நம் சில்லு என்னைப் பற்றி ஏதாவது பேசினாளா?

பட்டறைக்காரன்


மார்ச் 9

சில்லு அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. டம்ளரை அனுப்பியிருக்கிறேன். வார்னிஷ் துடைத்த துணி ஒன்றையும் கூட வைத்திருக்கிறேன். அந்த வாசனையில் இருந்துவிட்டுத்தானே நீங்கள் தேடிப் போவீர்கள்.

டம்ளர் அழுக்கேறிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற சாமான் என்பதால் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்தேன். வெறும் செய்தித்தாளில் சுற்ற மனசு வரவில்லை. தினமும் சாயங்காலம் ஆண்டவனிடம் நான் சொல்வதை ஒரு தாளில் எழுதி, அதில் சுற்றியிருக்கிறேன்.

போன் எடுக்கவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். போனில் உங்கள் குரல் வந்தால், குடித்திருக்கிறீர்களா இல்லையா என்று காது முதலில் அதைத்தான் தேடும். சொல்கிற விஷயம் அப்புறம்தான் ஏறும். கடிதத்தில் நாக்குக் குழறாது.

சில்லு பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள். கருகின முடியைத் தோள் வரைக்கும் வெட்டியாயிற்று. காயிலில் பூசின வார்னிஷைக் காயவைக்கிற கரண்ட் அடுப்பை அணைக்காமல் நீங்கள் தூங்கிப்போனதையும், புகைக்குள் போய் உங்கள் காலைப் பிடித்து இழுத்து வந்ததையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்கிறவர்களிடம் "ஸ்டைலுக்கு வெட்டினேன்" என்கிறாள். உங்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

பட்டறைச் சுவரில் கரி அப்படியே இருக்கிறது. முன்னறை ஃபேனிலும் காயில் எரிந்துவிட்டது. கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஒன்றை எழுதிவிடுகிறேன், பின்னால் பேச்சு வரக் கூடாது. இந்த மருத்துவம் உங்களுக்குக் கேட்டால் வீட்டுக்கு வாருங்கள். கேட்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். வாசல் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டிருக்கிறேன், சாவி இரண்டுதான். ஒன்று என்னிடம், ஒன்று அவளிடம். கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாலும் ஒன்றும் விழவில்லை.

வீட்டிலிருந்து


மார்ச் 16

கணக்கம்மாவுக்கு,

சாமான் வந்தது. டக்டக் அக்கா டம்ளரை முகர்ந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது குடிச்ச டம்ளரா?"

"ஆமாங்க."

"உங்க வீட்டம்மாவை இங்க வேலைக்கு அனுப்புறீங்களா? எங்க ஆளுங்க ஊசி சாமானைக்கூட இப்படிக் கழுவ மாட்டாங்க."

பக்கத்துப் படுக்கையில் ஒரு பஸ் டிரைவர் இருக்கிறான். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஊத்துனா சரக்கே திருந்திடும்யா" என்றான். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆசை எவ்வளவு இருக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். டம்ளருக்கு இரண்டு சொன்னேன். துணிக்கு மூன்று. டிரைவருக்கு பஸ் சீட்டின் ரெக்சின் துண்டைக் காட்டினாலே ஒன்பது. மூன்றை வைத்துக்கொண்டு தட்டுவதில் பெரிதாகப் பயனிருக்காது என்கிறார் டாக்டர். தட்டுகிறார்கள். தலை கொஞ்சம் வலிக்கிறது. வேறொன்றும் நடக்கவில்லை.

டம்ளரைச் சுற்றியிருந்த தாளையும் பார்த்தேன். ஈரம் காய்வதற்குள் சுற்றிவிட்டாய் போலிருக்கிறது. மை கரைந்து பாதி எழுத்து நீலமாகப் பரவிக்கிடக்கிறது. நீ சாயங்காலம் சொல்வதை இன்னொரு முறை எழுதி அனுப்பு. சொல்கிற மாதிரியே எழுது, எதையும் விடாதே. எனக்கு அது வேண்டும்.

சீக்கிரம் வந்தால் நல்லது.

பட்டறைக்காரன்


மார்ச் 20

சில்லு அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டிருந்ததைத் திரும்பவும் படித்துப் பார்த்துக்கொண்டேன், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று. கல்யாணமான நாளிலிருந்து பிரார்த்தனை நேரத்தில் நீங்கள் ஒரு நாள்கூட என் பக்கத்தில் வந்து நின்றதில்லை. நான் ஆரம்பித்தால் பட்டறையில் மோட்டாரை ஓடவிட்டுவிடுவீர்கள்.

என் அக்காவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். "காந்தம் இரும்பைத்தானேடி இழுக்கும். உன் வீட்டுக்காரர் மண்டைக்குள்ள இருக்கறதும் அதுதான்போல" என்று சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் வேண்டுதல் வீண் போகலடி" என்றாள். அன்றைக்குச் சமையலில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். சில்லு ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னம்மா, யார் நெனப்பு?" என்றாள்.

இரண்டு மூன்று நாளாக வாசலில் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறேன். எனக்குப் பழக்கம் விட்டுப்போன வேலை இது. நல்லதா கெட்டதா தெரியவில்லை.

நீங்கள் கேட்டது கீழே. இந்த முறை மை காய்ந்த பிறகுதான் மடித்தேன்.

"ஆண்டவனே, இந்த மனுஷனுக்குப் புத்தியைக் கொடு. கொடுக்க முடியலைன்னா, எனக்குப் பொறுமையைக் கொடு."

வீட்டிலிருந்து


மார்ச் 26

கணக்கம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

நீயும் உன் அக்காவும் நினைத்த மாதிரி நான் பக்திமான் ஆகிவிடவில்லை. டம்ளருக்கு இரண்டு, துணிக்கு மூன்று என்று எழுதினேன். அந்தத் தாளுக்கு எட்டு. அதை எழுதவில்லை.

தாளை விரித்ததும் உன் எழுத்து. கரைந்தது போக மிச்சமிருந்ததைப் படித்த உடனே வாய் வறண்டுவிட்டது. கை பெஞ்சுக்கு அடியைத் தேடியது. இங்கே பெஞ்சே கிடையாது.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் நீ ஆரம்பிப்பாய். இந்தப் பக்கம் நான் கம்பி சுற்றிக்கொண்டிருப்பேன். "இந்த மனுஷனுக்கு" என்பாய். சுற்று எத்தனை என்பது தப்பிப்போகும், அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தேன், அதற்கு மேலும் கேட்டது. பொறுமை வேண்டும் என்ற பிறகு உன் சத்தம் இறங்கிவிடும். முன்பெல்லாம் ஏதோ முணுமுணுப்பாய். பிற்பாடு அதுவும் இல்லை, சும்மா நிற்பாய். அந்த இடத்தில் நீ என்ன கேட்கிறாய் என்பதற்கு எனக்கு நானே ஒரு பதில் வைத்திருந்தேன். 'இவனை எடுத்துக்கொள்' என்று கேட்கிறாய். கேட்டிருந்தாலும் உன்மேல் தப்பில்லை. அது காதில் விழுவதற்குள் ஊற்றிக்கொள்வேன்.

பழியை உன்மேல் போடவில்லை. நீ வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் நான் குடித்திருப்பேன். வேறு சாக்கு கிடைத்திருக்கும்.

இதை டக்டக் அக்காவிடம் சொல்ல முதலில் வாய் வரவில்லை. சொல்லாமல் மறைத்த வரைக்கும் தட்டியதெல்லாம் வீண். இப்படியே போனால் நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். நீ எழுதிய கதவு ஞாபகத்துக்கு வந்தது. சொல்லிவிட்டேன். இப்போது மெஷின் போடுவதற்கு முன்னால் உன் கடிதத்தின் கடைசி வரிகளை டக்டக் அக்கா சத்தமாகப் படிக்கிறார். ஆசை எழும்புகிறது. அப்போது தட்டுகிறார்கள்.

உனக்குத் தெரியாமல் இதைச் செய்யக் கூடாது என்று அவர்தான் சொன்னார். "அந்தம்மா ஆண்டவன்கிட்ட சொன்னதை நான் நாற்காலியில உக்காந்த ஆளுக்குப் படிச்சுக்கிட்டிருக்கேன். அவங்களுக்குத் தெரிஞ்சாகணும், இல்லன்னா நான் படிக்க மாட்டேன்."

தெரிவித்துவிட்டேன்.

பட்டறைக்காரன்


ஏப்ரல் 4

கணக்கம்மாவுக்கு,

பதில் இல்லை. பரவாயில்லை. எழுத வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

எட்டு இறங்கி ஐந்தாகியிருக்கிறது. ஐந்திலேயே நிற்கிறது. டக்டக் அக்கா இரண்டு வரியையும் படித்துவிட்டு ஒவ்வொரு நாளும் தாளைத் திருப்பிப் பார்க்கிறார்.

"இதுக்கப்புறம் ஒண்ணு உண்டுன்னு சொன்னீங்களே?"

"உண்டு. என்னன்னு எனக்குத் தெரியாதுங்க."

"அந்தத் தெரியாததுதான் அஞ்சுல போய் நிக்குது."

அதை உன்னிடம் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆண்டவனிடம் தனியாகச் சொன்னது தனியாகவே இருக்க வேண்டியது. ஆனால் மெஷினில் உட்கார எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. ஐந்தோடு வந்தால் நான் உன் கதவுக்கு வர மாட்டேன். வந்து நின்று உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். டிரைவருக்குத் தெரிந்த ஒரு லாட்ஜில் மாத வாடகைக்கு அறை இருக்கிறதாம்.

எழுதினால் எழுது.

பட்டறைக்காரன்


ஏப்ரல் 9

சில்லு அப்பாவுக்கு,

எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. எழுத ஒன்றும் வரவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். பிறகு மூடி வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவேன். என் அக்கா, "என்னடி, திருந்தியாச்சா?" என்று விசாரித்தாள். "இன்னும் மெஷின் ஓடிட்டிருக்கு" என்றேன்.

நான் ஆண்டவனைக் கூப்பிட்டது உங்களுக்கு டம்ளர் எடுக்கச் சொல்லி மணி அடித்த மாதிரி ஆகியிருக்கிறது. படித்ததும் அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வீட்டுக் கணக்கில் பிழை கண்டுபிடித்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷமாகக் கூட்டல் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். எதைக் கொண்டுபோய் எதோடு கூட்டினேன் என்று பார்க்கவில்லை.

மூன்றாவது வரி நீங்கள் நினைத்தது இல்லை. உங்கள் உயிரை நான் கேட்கவில்லை. கேட்பதாக இருந்தால் உங்களுக்குக் கேட்கும்படி சத்தமாகவே கேட்டிருப்பேன். அந்த வரி இதுதான்.

"ரெண்டுமே உன்கிட்ட இல்லைன்னா, வேணும்னு நெனைக்கறதையே என்கிட்டருந்து எடுத்துடு."

முணுமுணுத்தது சில்லுவுக்காக. அம்மா இப்படிக் கேட்கிறாள் என்று பிள்ளை காதில் விழக் கூடாது.

அது எனக்குக் கிடைத்தது. எந்த நாளில் கிடைத்தது என்று தெரியாது. ஒரு சாயங்காலம் நீங்கள் வாசலில் விழுந்து கிடந்தீர்கள். நான் உங்களைத் தாண்டி உள்ளே வந்து, அடுப்பிலிருந்து பாலை இறக்கினேன். பால் பொங்கிவிடக் கூடாதே என்பதைத் தவிர மனசில் எதுவும் இல்லை. இறக்கி வைத்த பிறகுதான் கவனித்தேன், கேட்டது கைக்கு வந்துவிட்டதென்று. அன்றிலிருந்து அந்த வரியைச் சொல்வதில்லை. கொடுத்ததைத் திரும்பத் திரும்பக் கேட்பது மரியாதை இல்லை. ஆனால் அந்த இடம் வரும்போது கொஞ்சம் சும்மா நிற்பேன், பழக்கதோஷம். நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பயந்து குடித்தது நான் சும்மா நின்றதற்காகத்தான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது எனக்கு. அதற்குள் "எனக்கு அது வேண்டும்" என்று எழுதிவிட்டீர்கள். ஒரு வாரம் நான் வாசலைப் பார்த்தேன். கேட்டு வாங்கி வைத்திருந்ததை ஒரே வரியில் கெடுத்துவிட்டீர்கள். எனக்கு வலித்தது அது மட்டும்தான். உங்களை நாற்காலியில் உட்காரவைத்து என் பிரார்த்தனையைப் படித்தது அல்ல.

டக்டக் அக்காவிடம் இதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். வேகமாகப் படிக்க வேண்டாம். "வேணும்னு" என்பதில் என் சத்தம் இறங்கும், அவரையும் இறக்கச் சொல்லுங்கள். மருந்து என்று ஆன பிறகு அளவு தப்பக் கூடாது.

வீட்டிலிருந்து


ஏப்ரல் 22

கணக்கம்மாவுக்கு,

டக்டக் அக்கா நீ சொன்னபடியே, சத்தத்தை இறக்கிப் படித்தார். முதல் நாள் ஒன்பதுக்குப் போய்விட்டது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டினார்கள். அடுத்தடுத்த நாட்களில் ஏழு, நான்கு என்று இறங்கியது. நடுவில் ஒரு நாள் மறுபடி ஆறு. பிறகு இரண்டு.

இன்றைக்குக் கடைசி. அவர் படித்தார், நான் கேட்டேன். யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒரு பெண் ஏதோ கேட்கிறாள், பாவம் என்று தோன்றியது. வாய் வறளவில்லை. கை மடியிலேயே கிடந்தது.

"எவ்வளவு?"

"ஒண்ணுமில்லைங்க."

எழுதிக்கொண்டார். டிரைவர் கைதட்டினான். அவன் இன்னும் ஆறில்தான் இருக்கிறான்.

கேட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் உன் எழுத்தைப் பார்த்தும் உள்ளே ஒன்றும் அசையாதது பயமாக இருந்தது. அந்தப் பயமும் பெரிதாக இல்லை. அந்த ஆசையோடு சேர்த்து வேறு எதையாவது எடுத்துவிட்டீர்களா என்று டாக்டரிடம் கேட்டேன். "மெஷினுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. வருஷக்கணக்கா கத்திக்கிட்டிருந்த ஒண்ணு வாயை மூடினா, கொஞ்ச நாளைக்கு எதுவுமே காதுல விழாத மாதிரிதான் இருக்கும்" என்றார். ஆசை திரும்பி வரலாம், வந்தால் மறைக்காமல் வந்து சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அவர் எதற்கும் உறுதி தரவில்லை.

மூன்றாவது வரியைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் இங்கே வந்து கேட்டதை நீ எனக்கு முன்னாலேயே கேட்டிருக்கிறாய். உன்னை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது நான். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

நாற்காலியை விட்டு எழும்போது டக்டக் அக்கா கேட்டார். "குடியை விடுங்க. வேற எதாச்சும் வேணும்னு தோணுதா?" யோசித்துப் பார்த்தேன். முன்னறை ஃபேன் ஞாபகத்துக்கு வந்தது. எந்தக் கனத்தில் கம்பி, எத்தனை சுற்று என்று மனசு தானாகப் போட்டுப் பார்த்தது. அதை ஆசை என்று சொல்லலாமா, தெரியவில்லை. அவர் அதற்கு எண் கேட்கவில்லை.

புதன்கிழமை அனுப்புகிறார்கள். சாயங்காலம் வந்து சேருவேன். கதவைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும்.

பட்டறைக்காரன்


ஏப்ரல் 25

சில்லு அப்பாவுக்கு,

ஃபேன் கட்டிலுக்கு அடியில் வைத்தபடியே இருக்கிறது. தெருமுனைக் கடைக்காரர் ஒரே நாளில் சுற்றித் தருகிறேன் என்றார். கொடுக்கவில்லை. இந்தப் புழுக்கத்தில் நானும் சில்லுவும் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நீங்கள் வருவதை அவளிடம் சொன்னேன். "வரட்டும்" என்றாள். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "வார்னிஷ் அடுப்போட ஃபியூஸ் என்கிட்ட இருக்கு. கேட்டா குடுப்பேன், தானா எடுக்கக் கூடாதுன்னு சொல்லிடு" என்றாள். சொல்லிவிட்டேன்.

டாக்டர் சொன்னது சரியா தப்பா, உங்களிடமிருந்து எது போயிற்று எது மிச்சமிருக்கிறது என்று நான் இங்கிருந்து எப்படிச் சொல்ல முடியும்? வேணும் என்கிற நினைப்பு என்னிடம் திரும்பி வந்ததா, அந்த ஒரு வாரத்தோடு போய்விட்டதா என்பதே எனக்குத் தெரியவில்லை. உப்பு இப்போது சரியாகத்தான் போடுகிறேன்.

கதவு விஷயம். புதன்கிழமை சாயங்காலம் என்றால் நான் பிரார்த்தனையில் இருப்பேன். உங்களுக்காக நேரத்தை மாற்ற மாட்டேன், சத்தத்தையும் குறைக்க மாட்டேன். அது ஆண்டவனுக்குச் சொல்வது. கதவு பூட்டியிருக்கும், தட்ட வேண்டாம். வாசலில் நில்லுங்கள். அங்கே நீங்கள் கேட்டது டக்டக் அக்காவின் குரல். இது என் குரல். பட்டறை எட்டிப் பிடிக்கிற தூரம், நீங்கள் குடிக்கப் போகிற கடையும் அப்படித்தான். முதல் இரண்டு வரியும் உங்களுக்குக் கேட்கும். அதற்குப் பிறகு நான் கொஞ்சம் சும்மா நிற்பேன். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

முடித்துவிட்டுத்தான் வந்து திறப்பேன். நீங்கள் நிற்கிறீர்களா என்று அப்போது பார்க்கிறேன்.

வீட்டிலிருந்து